சாம்பியாவின் வயதுக்காரி

ஸ்ட்ரெதம், லண்டன்
19 மே 2024

அன்பின் தங்கச்சி சிவனேசுக்கு,

என் கையெழுத்தைக் கண்டதும் இதைக் கிழித்துப்போட மனம் வந்தால், இந்த ஒரு தரம் மட்டும் வாசித்துவிட்டுக் கிழி. இருபத்தாறு வருடங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். நீ இன்னும் கசாமாவில்தான் இருக்கிறாயா, பள்ளிக்கூடத்தின் தபால்பெட்டி இலக்கம் அதேதானா என்று எனக்குத் தெரியாது. நினைவில் நின்ற இலக்கத்தை எழுதி அனுப்புகிறேன்.

இங்கே எங்கள் தமிழ்ச் சங்கத்துக்கு ஸ்ட்ரெதமில் ஒரு மண்டபம் இருக்கிறது. நான் சங்கத்தின் செயலாளர். கலியாணம், அரங்கேற்றம், அந்தியேட்டிச் சடங்கு எதற்கென்றாலும் விண்ணப்பம் என்னிடம்தான் வரும். போன மாதம் ஒன்று வந்தது. ஒக்டோபர் இருபத்தாறு, சனிக்கிழமை, சாம்பியா சுதந்திரமடைந்த அறுபதாவது ஆண்டு விழா, நூற்றைம்பது பேர். நிர்வாகக் குழுவில் அதை வாசித்தேன். தலைவர் உடனேயே வேண்டாமென்றார். தீபாவளிக்கு முந்தைய கிழமை, எங்கள் பிள்ளைகள் நிகழ்ச்சிக்குப் பழக மண்டபம் வேண்டும், அதோடு அவர்கள் மச்சம் மாமிசம் சமைப்பார்கள், சத்தமாகப் பாட்டுப் போடுவார்கள் என்றார். மற்றவர்களும் தலையாட்டினார்கள். அந்த நாட்டின் சோளமாக் களியைத் தின்று ஆறு வருடம் வளர்ந்தவன் நான் என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. நானும் பேசாமல் இருந்தேன்.

மறுப்புக் கடிதம் எழுதுவது செயலாளரின் வேலை. வீட்டுக்கு வந்து கணினியைத் திறந்து, விண்ணப்பதாரியின் முழுப்பெயரைப் போடுவதற்காகப் படிவத்தை எடுத்துப் பார்த்தேன். முதாலே நகுலேஸ்வரி முலெங்கா.

முலெங்கா என்ற பெயரைக் கூட்டத்தில் வாசித்தபோதே நான் ஒரு தரம் தடுமாறியது உண்மை. அது அங்கே தெருவுக்குப் பத்துப் பேருக்கு இருக்கிற பெயர் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். ஆனால் நடுவில் அம்மாவின் பெயர் இருக்கிறதே, அதற்கு என்ன சமாதானம் சொல்வது?

வயது இருபத்தைந்து, தொழில் தாதி, விலாசம் ரூட்டிங் என்று இருக்கிறது. எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் பதினைந்து நிமிடம். தொலைபேசி இலக்கமும் இருக்கிறது. மூன்று தரம் எடுக்கப்போய், மணி அடிக்க முதலே வைத்துவிட்டேன்.

அது உன் மகளா? இந்த ஒன்றை மட்டும் எழுது. பதில் வரும்வரை மறுப்புக் கடிதத்தை அனுப்பமாட்டேன்.

ஸ்ரீ அண்ணை

*

கசாமா, சாம்பியா
8 ஜூன் 2024

செயலாளர் அவர்களுக்கு,

தபால்பெட்டி அதேதான். உங்கள் கடிதம் பதினாறு நாளில் வந்து சேர்ந்தது. அம்மா செத்த செய்தி இருபத்துநாலு நாளில் வந்தது. தபால் சேவை முன்னேறித்தான் இருக்கிறது.

கேட்டதற்குப் பதில்: ஓம். முதாலே எனக்கும் கிறிஸ்பினுக்கும் ஒரே மகள். அம்மா போன அடுத்த வருடம் பிறந்தாள். அதனால் அந்தப் பெயர்.

கிறிஸ்பின் நலம். நீங்கள் அவரைப்பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். அப்பாவின் கணித வகுப்பில் ஒவ்வொரு தவணையும் முதலாவதாக வந்தவர். உங்களோடு ஒரே வகுப்பில், ஒரே வாங்கில் இருந்து படித்தவர். "முலெங்காவைப் போல ஒரு மாணவன் எனக்கு யாழ்ப்பாணத்திலும் கிடைக்கவில்லை" என்று அப்பாவே சொன்னவர். அந்த மாணவனை மகள் கட்டியபோது மட்டும் அப்பாவுக்கு மகள் இல்லாமல் போய்விட்டாள். உங்களுக்குத் தங்கச்சியும் இல்லாமல் போய்விட்டாள்.

நீங்கள் அறியாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த விண்ணப்பம் தற்செயலாக வந்ததல்ல. முதாலே லண்டனுக்குப் போய் இரண்டு வருடமாகிறது. போன வருடம் விம்பிள்டன் கோயில் தேருக்குப் போய், ஓரமாக நின்று, இந்த வயசாளிகளில் யார் என் மாமா என்று தேடியிருக்கிறாள். பிறகு உங்கள் மண்டபத்தின் இணையப் பக்கத்தில் செயலாளர் பெயரைக் கண்டிருக்கிறாள். அங்குள்ள சாம்பியாச் சங்கத்தில் விழாப் பொறுப்பு அவளிடம் வந்ததும், வேறு மண்டபம் ஒன்றும் பார்க்காமல் நேரே உங்களுக்கு எழுதிவிட்டாள்.

நான் வேண்டாமென்றேன், மாமா மறுப்பார் என்றேன். அவள் சொன்னது இதுதான்: "மறுக்கிறதெண்டால் என்ரை பேரைப் பாத்திட்டு மறுக்கட்டும், அம்மா."

பார்த்துவிட்டீர்கள். மறுப்பதென்றால் சுணங்காமல் மறுத்துவிடுங்கள். பிள்ளை வேறு இடம் தேடவேண்டும்.

சிவனேஸ்வரி முலெங்கா

*

ஸ்ட்ரெதம்
30 ஜூன் 2024

அன்பின் சிவனேஸ்,

உன் கடிதத்தை முதலில் தவமலரிடம் கொடுத்தேன். அவள் வாசித்துவிட்டு மடித்துத் தந்து, "இவ்வளவு காலமும் நீங்கள்தான் வேண்டாம் எண்டனீங்கள். நான் ஒரு நாளும் சொல்லேல்லை" என்றாள். அது உண்மை. பிறகு எங்கள் மகள் துஷ்யாவைக் கூப்பிட்டு, உனக்கு ஒரு மாமி இருக்கிறா, மச்சாள் ஒருத்தி ரூட்டிங்கில் இருக்கிறாள் என்று சொன்னேன். அவளுக்கு இருபத்தெட்டு வயது. ஏன் என்று கேட்டாள். நான் சொன்ன காரணங்கள் எனக்கே கேட்க நன்றாக இல்லை.

நேற்று நிர்வாகக் குழு கூடியது. மறுப்புக் கடிதம் ஏன் இன்னும் போகவில்லை என்று தலைவர் கேட்டார். ஒக்டோபர் விண்ணப்பத்தைத் திரும்பவும் எடுக்கவேண்டும் என்றேன். முடிந்த விஷயம் அல்லவா என்றார். வரும் வழியில் பஸ்ஸில் நிறைய யோசித்துவைத்திருந்தேன். சங்கத்தின் யாப்பு விதிகள், அயலவரோடு நல்லுறவு, கவுன்சிலுக்கு நாங்கள் கொடுத்த வாக்குறுதி என்று. அதில் ஒன்றும் வாயில் வரவில்லை.

"அந்தப் பிள்ளை என்ரை தங்கச்சியின்ரை மகள்" என்றேன்.

தலைவர், "உமக்குத் தங்கச்சி இருக்கிறது எங்களுக்குத் தெரியாதே" என்றார். முப்பது வருடமாக என் வீட்டு விசேஷம் எல்லாவற்றுக்கும் வந்து போகிறவர். "நான் சொல்லேல்லை. அது என்ரை பிழை" என்றேன்.

சாம்பியாவில் வளர்ந்ததையும், அங்கே ஒரு நாளும் எங்களை யாரும் வேற்று ஆட்களாக நடத்தாததையும், நீ அப்பாவின் மாணவனைக் கட்டியதையும் சொன்னேன். ஆனால் கட்டடம் இடிந்து விழவில்லை. பொருளாளர் அம்மா தன் மகனும் ஒரு கானா நாட்டுப் பிள்ளையை விரும்புகிறான், வீட்டில் ஆறு மாதமாகச் சண்டை என்றார். யார் எதை மறைத்துக்கொண்டு அந்த மேசையைச் சுற்றி இருக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும். பிள்ளைகளின் பழக்கத்தை ஞாயிறுக்கு மாற்றலாம், மச்சம் மட்டும் மண்டபத்தில் சமைக்க ஏலாது என்று முடிவாயிற்று. தலைவரும் கை உயர்த்தினார், கொஞ்சம் சுணங்கி.

அன்றே முதாலேக்குத் தொலைபேசி எடுத்தேன். இந்தத் தரம் வைக்கவில்லை. இன்று காலை ஷிப்ட் முடிந்து, தாதிச் சட்டையோடு நேரே மண்டபத்துக்கு வந்தாள். நெற்றி அம்மாவுடையது. நான் ஆங்கிலத்தில் ஏதோ ஆரம்பித்தேன். அவள் படிவத்தைத் தன் பக்கம் இழுத்து, "மாமா, கையெழுத்து எங்கை வைக்கிறது?" என்றாள்.

எனக்குக் காட்டத் தெரியவில்லை, சிவனேஸ். அவளே இடத்தைக் கண்டுபிடித்து வைத்தாள்.

மச்சம் கூடாது என்ற நிபந்தனையைச் சொல்லக் கூச்சமாக இருந்தது. அவள் யோசிக்கவேயில்லை. கச்சான் கடலை இடித்துப்போட்ட கீரையும் அவரைக்கொட்டையும் போதும், கூட்டத்தில் அரைவாசிப் பேருக்கு அதுதான் விருப்பம் என்றாள்.

கிறிஸ்பினுக்கு என் அன்பைச் சொல். இதை எழுத முப்பத்துமூன்று வருடம் எடுத்தது.

ஸ்ரீ அண்ணை

*

கசாமா
20 ஜூலை 2024

அண்ணைக்கு,

முதாலே எல்லாம் சொன்னாள். நீங்கள் அவளுக்குத் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்து, சீனி போட மறந்து, பிறகு இரண்டு தரம் போட்டதையும் சொன்னாள்.

கிறிஸ்பினிடம் உங்கள் அன்பைச் சொன்னேன். அவர் பேப்பரை இறக்கி, "ஸ்ரீயா?" என்று கேட்டுவிட்டு முற்றத்தில் போய் நின்றார்.

இங்கே இந்த வருடம் விழா என்று பெரிதாக ஒன்றும் இருக்கப்போவதில்லை. நாட்டின் தெற்கில் மழை பொய்த்துச் சோளம் கருகிவிட்டது. அணையில் தண்ணீர் இல்லை. மின்சாரம் வரும் நாலைந்து மணித்தியாலத்துக்குள் சமைத்து, உடுப்புத் தோய்த்து, மினுக்கி எல்லாவற்றையும் முடிக்கவேண்டும். பள்ளியில் இரசாயனப் பரிசோதனைகளை மின்சாரம் வரும் நேரம் பார்த்து வைக்கிறேன். அறுபது வருடத்தில் கண்டது இதுதானா என்று சந்தையில் சனம் பேசுகிறது. அவர்கள் பேசலாம். அவர்களுடைய நாடு.

ஆனால் என் கணக்கு வேறு. நானும் இந்த நாடும் ஒரே வயது. அப்பாவுக்கு இங்கே ஆசிரியர் வேலை கிடைக்க, பத்து வயதில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து இறங்கினேன். நாங்கள் விட்டு வந்த ஊருக்குப் பிறகு என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். என்னோடு ஐந்தாம் வகுப்புப் படித்தவர்களில் எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. இந்த நாட்டைச் சுற்றி எத்தனை சண்டை நடந்தது. இங்கே ஒரு நாளும் நடக்கவில்லை. அயல் நாடுகளிலிருந்து ஓடிவந்தவர்களுக்கு இடம் கொடுத்தார்கள். எந்த இனத்துப் பிள்ளையாக இருந்தாலும் என் வகுப்பில் ஒரே வாங்கில் இருந்தது. ஐம்பது வருடத்தில் ஒரு தரமாவது யாரும் என்னை ஓடு என்று சொல்லவில்லை. அதற்காக நான் கொண்டாடத்தான் வேண்டும். முதாலேக்கு அதைச் சொல்லித்தான் வளர்த்தேன்.

டிசம்பரில் எனக்கு அறுபது முடிகிறது. பள்ளியிலிருந்து ஓய்வு.

இப்போது கேட்கவேண்டியதைக் கேட்கிறேன். முதாலே உங்களிடம் கேட்கமாட்டாள், அவளுக்கு நான் சொல்லவுமில்லை. அம்மா கடைசியில் என்னைப்பற்றி என்ன சொன்னா? ஒன்றும் சொல்லாமல்தான் போனாவா? நீங்கள் அன்று அனுப்பியது நாலு வரி. அதில் அதுபற்றி ஒன்றுமில்லை. என்னைப் பார்க்க விரும்பாமல் போனா என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருக்கிறேன். அது சரியென்றால் சரி என்றே எழுதுங்கள். மழுப்பவேண்டாம்.

சிவனேஸ்

*

ஸ்ட்ரெதம்
11 ஓகஸ்ட் 2024

சிவனேஸ்,

மழுப்பவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

அம்மா இங்கே லண்டன் ஆஸ்பத்திரியில் பதினொரு நாள் இருந்தா. முதல் நாளே உன்னைக் கேட்டா. "சிவனேஸ் வாறாளோ?" என்றா. நான், "ஓம் அம்மா, ரிக்கற் எடுத்தாச்சு" என்றேன். ரிக்கற் எடுக்கவில்லை. உனக்குத் தொலைபேசியே எடுக்கவில்லை. பள்ளிக்கூட இலக்கம் என் சட்டைப் பைக்குள் இருந்தது. அடுத்த நாளும் கேட்டா, அதற்கடுத்த நாளும் கேட்டா. விமானத்தில் இடமில்லையாம், வெள்ளிக்கிழமை வாறாளாம் என்று நான் பொய்யை நீட்டிக்கொண்டே போனேன். ஒன்பதாம் நாள் கேட்பதை நிறுத்திவிட்டா. பொய் என்று விளங்கிவிட்டது போல.

தவமலர் எடுங்கள் எடுங்கள் என்று அழுதாள். நான் கேட்கவில்லை. நீ வந்தால் கிறிஸ்பினும் வருவார், செத்தவீட்டில் சனம் கூடும், யார் இவர்கள் என்று கேட்கும், இத்தனை காலம் சொல்லாமல் இருந்தது வெளியே வரும். அதைத்தான் யோசித்தேன். தாய் செத்துக்கொண்டிருக்கும்போது நான் சனத்தை யோசித்தேன். மரண அறிவித்தலில் ஸ்ரீஸ்கந்தராஜாவின் அன்புத் தாயார் என்று மட்டும் போட்டேன். உன் பெயர் இல்லை. எல்லாம் முடிந்த பிறகு, நீ வர ஏலாது என்று உறுதியான பிறகு, சாதாரணத் தபாலில் அந்த நாலு வரியை அனுப்பினேன்.

அப்பாவின் கோபம் அப்பாவோடு தொண்ணூற்றுமூன்றிலேயே போயிருக்கவேண்டும். அம்மாவுக்கு உன்னில் கோபமே இருக்கவில்லை. அதைக் கட்டிக் காத்தவன் நான்தான்.

அம்மாவின் கைப்பையை ஆஸ்பத்திரியில் தந்தார்கள். உள்ளே ஒரு படம். நீயும் கிறிஸ்பினும் உங்கள் கலியாணத்தன்று தேவாலயத்துக்கு முன்னால் நிற்கும் படம். எங்கள் ஒருவருக்கும் தெரியாமல் ஏழு வருடம் வைத்திருந்திருக்கிறா. ஓரமெல்லாம் தேய்ந்துபோயிருந்தது. அதையும் உன்னிடம் மறைத்தேன். நாளைக்கு முதாலேயிடம் கொடுக்கப்போகிறேன். ஏன் மறைத்தேன் என்று அவளுக்கும் சொல்வேன்.

மன்னிப்புக் கேட்கும் தகுதி எனக்கு இருப்பதாக நினைக்கவில்லை. இனி எழுதுவதும் விடுவதும் உன் விருப்பம். விழா மட்டும் நல்லபடி நடக்கும். அதற்கு நான் பொறுப்பு.

ஸ்ரீ

*

ஸ்ட்ரெதம்
27 ஒக்டோபர் 2024

அன்பின் சிவனேஸ்,

நீ பதில் எழுதவில்லை. எழுதவேண்டும் என்றும் இல்லை. முதாலேயிடம் கேட்டேன். "அம்மா எழுதுவா, மாமா. அவசரப்படுத்தாதேங்கோ" என்றாள். உண்மையைச் சொன்ன அன்று அவள் அழுதுவிட்டு எழுந்து போனாள். இரண்டு கிழமை வரவில்லை. மூன்றாம் கிழமை வந்து, விழாவுக்கு எத்தனை கதிரை இருக்கிறது என்று கேட்டாள். அதற்குமேல் அதைப்பற்றி நாங்கள் பேசவில்லை.

நேற்று நடந்ததை நீ அறியவேண்டும். அதனால் எழுதுகிறேன்.

நூற்றைம்பது என்றார்கள், இருநூறு பேருக்கு மேல் வந்தார்கள். காலையிலிருந்து சமையலறையில் முதாலேயும் துஷ்யாவும் இன்னும் நாலைந்து பெண்களும். சோளமாக் களி கிண்டுவதற்கு எங்கள் பொங்கல் அகப்பைதான் கிடைத்தது. துஷ்யா கிண்டமுடியாமல் தோள் நோகிறது என்றாள். தவமலர் முதாலே கொடுத்த பச்சைச் சித்தெங்கேத் துணியைச் சேலைக்குமேல் சுற்றிக்கொண்டு வாசலில் நின்று எல்லோரையும் வரவேற்றாள். எங்கள் தலைவர் சும்மா எட்டிப் பார்க்கிறேன் என்று வந்தவர், கச்சான் கீரையை இரண்டாம் தரம் வாங்கிச் சாப்பிட்டார். எப்படிச் செய்வது என்று ஒரு பெண்ணிடம் கேட்டு எழுதியும் வைத்துக்கொண்டார்.

கொடி ஏற்றி, எல்லோரும் எழுந்து தேசியகீதம் பாடினார்கள். வரிகள் மறந்திருக்கும் என்று நினைத்தேன். ஆறு வருடம் ஒவ்வொரு காலையும் கசாமாப் பள்ளி முற்றத்தில் நின்று பாடியது. வாய் மறக்கவில்லை. பக்கத்தில் நின்ற துஷ்யா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் பாடி அவள் கேட்டதேயில்லை. பாட்டு முடிந்ததும் பின்வரிசையில் நின்ற வயதான அம்மா ஒருவர், எந்த ஊர் என்று பெம்பா மொழியில் கேட்டார். கசாமா என்றேன். இலங்கை என்று சொல்லவில்லை, லண்டன் என்றும் சொல்லவில்லை. எந்தத் தெரு என்று கேட்டார். சொன்னேன். தன் அக்கா அங்கேதான் இருந்தவ என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

பிறகு முதாலே ஒலிவாங்கியை எடுத்தாள். ஆயிரத்துத் தொளாயிரத்து அறுபத்துநாலில் பிறந்தவர்கள், நாட்டின் வயதுக்காரர் எல்லோரும் மேடைக்கு வரவேண்டும், அவர்கள்தான் கேக் வெட்டவேண்டும் என்றாள். பெயர்களை முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தாள். ஒவ்வொருவராக ஏழு பேர் ஏறி, அங்கே போட்டிருந்த கதிரைகளில் இருந்தார்கள். எட்டாவதாக, "சிவனேஸ்வரி முலெங்கா, கசாமா" என்று வாசித்தாள். ஒருவரும் எழவில்லை. அவள் என்னைப் பார்க்கவில்லை, சிவனேஸ். பேப்பரையே பார்த்துக்கொண்டு நின்றாள். எழச் சொல்லிக் கேட்கவுமில்லை.

நான் எழுந்தேன். கால் தானாக நடந்தது என்று சொல்லமாட்டேன். ஒவ்வொரு அடியும் பாரமாகத்தான் இருந்தது. மேடையில் ஏறி ஒலிவாங்கியை வாங்கினேன். "இது என்ரை தங்கச்சி. அவவுக்கும் அறுபது. வர ஏலாமல் போச்சு, நான் வந்திருக்கிறன்" என்று முதலில் தமிழில் சொன்னேன். எங்கள் ஆட்கள் கேட்கவேண்டும் என்றுதான். பிறகு பெம்பாவில், தட்டுத்தடுமாறிச் சொன்னேன். "யாமா" என்று யாரோ ஒருவர் கூப்பிட, பிறகு மண்டபமே யாமா, யாமா என்று கை தட்டியது. தாய்மாமனுக்கு உள்ள அந்தச் சொல்லைக் கேட்டு நாற்பது வருடத்துக்கு மேலாகிறது. எனக்கென்று ஒருவரும் சொன்னதில்லை.

உன் கதிரையில் இருந்தேன். உன் பங்கு கேக்கை வெட்டினேன்.

ஸ்ரீ அண்ணை

*

கசாமா
17 நவம்பர் 2024

அன்புள்ள அண்ணைக்கு,

உங்கள் ஓகஸ்ட் கடிதத்துக்கு இரண்டு பதில் எழுதினேன். இரண்டையும் கிழித்துவிட்டேன். முதலாவதில் முழுக்கக் கோபம். இரண்டாவதில் கோபமே இல்லாதது போல ஒரு நடிப்பு. இரண்டும் அனுப்பத் தகுந்தவை அல்ல.

அம்மா கேட்டுக்கொண்டிருந்தா என்று வாசித்த அன்று நான் வகுப்புக்குப் போகவில்லை. முப்பத்தைந்து வருட உத்தியோகத்தில் சொல்லாமல் நின்றது அந்த ஒரு நாள்தான். பதினொரு நாள் அவவைக் காக்கவைத்ததற்கு உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுத இன்னும் கை வரவில்லை. வரும்போது எழுதுகிறேன். ஆனால் ஒன்று சொல்லவேண்டும். இருபத்தாறு வருடம் நான் அம்மா வேண்டாமென்று விட்ட பிள்ளையாக இருந்தேன். இப்போது இல்லை. அது பொய் என்று நீங்கள் எழுதாவிட்டால் வேறு யாரும் எழுதியிருக்கமாட்டார்கள். மறைத்திருக்கவும் உங்களால் முடியும். மறைக்கவில்லை.

முதாலே படத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பினாள். கிறிஸ்பின் அதைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டியிருக்கிறார்.

விழா வீடியோவை, மின்சாரம் வந்த நேரம் பார்த்து, அயல்வீட்டாரையும் கூப்பிட்டு எல்லோருமாகப் பார்த்தோம். நீங்கள் என் கதிரையில் ஏன் அப்படி விளிம்பில் இருந்தீர்கள்? யாரும் எழுப்பிவிடுவார்கள் என்ற பயமா? உங்கள் பெம்பா மிக மோசம். நீங்கள் சொன்னதில் ஒரு சொல் பிழைத்து, தங்கச்சி என்பது ஆடு மாதிரிக் கேட்டது. அயல்வீட்டாருக்கு வயிறு வலிக்கும் வரை சிரிப்பு. கிறிஸ்பினும் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். நானும்தான்.

ஓய்வு வந்ததும் சித்திரையில் நாங்கள் வருகிறோம். பயணத்துக்கான பத்திரங்களை முதாலே பார்க்கிறாள். அம்மாவின் சாம்பலை எந்தத் தண்ணீரில் கரைத்தீர்கள் என்று நீங்கள் ஒரு நாளும் எழுதவில்லை. என்னை முதலில் அங்கே கூட்டிக்கொண்டு போகவேண்டும். வேறு யாரும் வேண்டாம், நாங்கள் இரண்டு பேரும் மட்டும். அங்கே நான் உங்களைத் திட்டினாலும் திட்டுவேன். கேட்டுக்கொண்டு நிற்கவேண்டும்.

மற்றது, முதாலேயின் அறை சின்னது. ஹோட்டலிலும் தங்கமாட்டோம். நானும் கிறிஸ்பினும் உங்கள் வீட்டில்தான் தங்குவோம், மூன்று கிழமை. தவமலர் அண்ணியிடம் இப்போதே சொல்லிவையுங்கள். சங்கத்து ஆட்கள் யாராவது வந்தால் யார் இவர்கள் என்று கேட்பார்கள். சொல்லுங்கள்.

விமான நிலையத்துக்கு முதாலேயை அனுப்பிவிட்டு வீட்டில் இருக்கவேண்டாம். நீங்கள் வாருங்கள். கிறிஸ்பினுக்கு இப்போது தலைமயிர் முழுக்க வெள்ளை. உங்களுக்கு அடையாளம் தெரியாமல் போகும். பக்கத்தில் நான் நிற்பேன்.

சிவனேஸ்